நந்தி அடிவாரத்தில் கிராவல் தேடி

கிராவல் என்றால் தமிழ்நாட்டில் லாரிதான் ஞாபகத்துக்கு வரும். வீட்டு மனையை மேடாக்க, ரோட்டுக்கு அடியில் கொட்ட, லோடு லோடாக வந்து இறங்கும் சரளை மண். பெங்களூரில் அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தமும் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு ஹெப்பாள் மேம்பாலத்தின் அருகே, ஹெல்மெட்டும் சிவப்பு விளக்குமாக சைக்கிளோடு நிற்பவர்களில் சிலரைக் கேட்டுப் பாருங்கள். "இன்னிக்கு கிராவல்" என்பார்கள். தார் ரோட்டை எவ்வளவு சீக்கிரம் விட்டு இறங்கலாம் என்பதுதான் அன்றைய திட்டம்.

சைக்கிளும் அதற்கென்றே செய்தது. பந்தய சைக்கிள் போல ஆட்டுக்கொம்பு ஹேண்டில்பார். ஆனால் டயர் 40 மில்லிமீட்டர் அகலம். காற்று, பந்தய சைக்கிளுக்கு அடிப்பதில் பாதிகூட இருக்காது. டிஸ்க் பிரேக், செங்குத்து ஏற்றத்துக்கும் தாங்கும் சின்ன கியர். அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தின் எம்போரியாவில் 2006ல் தொடங்கிய 200 மைல் மண் சாலைப் பந்தயம் இந்த ரகத்துக்குப் பெரிய விளம்பரம். 2022ல் இத்தாலியில் உலக சாம்பியன் போட்டியே நடந்தது. ஆல்ப்ஸ் அடிவாரங்களில் இதற்கென்று வழிகாட்டிப் பலகைகளும் வரைபடங்களும் உண்டு. நமக்கு ஆல்ப்ஸ் இல்லை, நந்தி இருக்கிறது.

பெங்களூரிலிருந்து வடக்கே சுமார் 60 கி.மீ. கடல் மட்டத்திலிருந்து 1,478 மீட்டர். பெங்களூரே 900 மீட்டருக்கு மேல் உட்கார்ந்திருப்பதால், கீழேயிருந்து பார்க்கும்போது மலை அவ்வளவு உயரமாகத் தெரியாது. சைக்கிள்காரர்களில் பெரும்பாலோர் கொண்டை ஊசி வளைவுகளில் மேலே ஏறி, சூரியோதயம் பார்த்து, போட்டோ எடுத்து இறங்குபவர்கள். வாரக் கடைசியில் கார்களும் பைக்குகளும் அந்த வளைவுகளில் வரிசை கட்டும். கிராவல்காரர்கள் மலை ஏறுவதில்லை. அடிவாரத்தைச் சுற்றுகிறார்கள். எனக்கும் அதுதான் பிடித்திருக்கிறது. மேலே போனால் மலையைப் பார்க்க முடியாது.

தேவனஹள்ளி தாண்டி தார் ரோட்டை விட்டு இறங்கியதும் சக்கரத்தின் சத்தம் மாறுகிறது. இங்கே சரளை ஆற்றுக் கூழாங்கல் இல்லை. கிரானைட் பாறை யுக யுகமாக வெயிலிலும் மழையிலும் உதிர்ந்த கொரகொரப்பு. காய்ந்திருந்தால் டயருக்குப் பிடிப்பு கொடுக்கும், வளைவில் மட்டும் சற்று ஏமாற்றும். இருபுறமும் திராட்சைப் பந்தல், ரோஜாத் தோட்டம், முசுக்கொட்டை. ஜனவரி மாதமென்றால் மொச்சையின் வாசனை காற்றில் வரும். அறுத்த கேழ்வரகுக் கதிரை ரோட்டின் குறுக்கே பரப்பி, போகிற வண்டிகளே போரடிக்கட்டும் என்று விட்டிருப்பார்கள். சைக்கிள் ஏறினால் தானியம் உதிருமா என்று தெரியவில்லை. செயினில் வைக்கோல் சுற்றிக்கொள்ளும் என்பது நிச்சயம்.

நந்தி கிராமத்தில் போக நந்தீஸ்வரர் கோயில். ஒன்பதாம் நூற்றாண்டில் தொடங்கி சோழர், ஹொய்சளர், விஜயநகரத்தார் என்று ஆளாளுக்குச் சேர்த்துக் கட்டியது. படிக்கட்டுகள் இறங்கும் அதன் குளத்தருகே பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும், முட்டி வலி மறந்துவிடும். பக்கத்தில் முத்தேனஹள்ளி, விஸ்வேஸ்வரய்யா பிறந்த ஊர். அணைகள் கட்டிய மனிதர் பிறந்த வட்டாரத்தில் இன்று ஆழ்குழாய்க் கிணறு ஆயிரம் அடிக்கும் கீழே போயும் தண்ணீருக்குத் திணறுகிறது.

தமிழ் வாசகர்கள் இங்கே கொஞ்சம் சைக்கிளை நிறுத்த வேண்டும். ஓசூரும் கிருஷ்ணகிரியும் சாத்தனூரும் பார்த்து கடலூர் பக்கம் கடலில் சேரும் தென்பெண்ணை, இந்த மலைத்தொடரில்தான் பிறக்கிறது. பாலாறும் இந்த வட்டாரத்துப் பிள்ளைதான். கர்நாடகத்தில் 93 கி.மீ., ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222 என்று அதன் நீளத்தைக் கணக்குச் சொல்வார்கள். காவிரியில் சேரும் அர்க்காவதியும் நந்தியில் உற்பத்தியாவதுதான். பெங்களூருக்குக் குடிநீர் தர 1890களில் ஹெசரகட்டாவிலும் 1933ல் திப்பகொண்டனஹள்ளியிலும் அந்த ஆற்றில்தான் நீர்த்தேக்கம் கட்டினார்கள். மூன்று ஆறுகள் பிறக்கும் பூமியில் நாள் முழுக்க சைக்கிள் விட்டும் சக்கரம் நனையவில்லை. தண்ணீர் இருந்த ஓரிரு ஏரிகளிலும் பெங்களூரின் கழிவுநீர். சுத்திகரித்துக் குழாயில் அனுப்புகிறார்கள். அதனால் கிணறுகளில் நீர் ஏறியது என்பவர்களும் உண்டு. இரண்டு கட்டச் சுத்திகரிப்பு போதாது, மூன்றாவதும் வேண்டும் என்று போராடுபவர்களும் உண்டு.

மலைக்குப் பின்புறம் போகப் போக வழியில் வெள்ளைத் தூசு படிகிறது. புளிய மரத்தின் இலைகூட சாம்பல் நிறம். கல் குவாரி. சைக்கிள்காரன் தேடி வருவதும் லாரி தேடி வருவதும் ஒரே பாறை. அவன் அதன் மேல் போக வருகிறான், லாரி அதையே எடுத்துப் போக வருகிறது. 2021 பிப்ரவரியில் சிக்கபள்ளாபூர் அருகே ஹிரேநாகவல்லியில் குவாரி வெடிபொருள் வெடித்து ஆறு பேர் செத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நந்தி மலை ரோட்டிலேயே மண் சரிந்து, பல வாரங்கள் யாரும் மேலே போக முடியவில்லை.

இத்தாலியின் டஸ்கனியில் வெள்ளை மண் சாலைகளுக்கு ஒவ்வொன்றாகத் தார் போட்டுக்கொண்டு வந்தபோது, 1997ல் சிலர் பழைய சைக்கிள்களைத் தூசு தட்டி 'லெரோய்கா' என்று ஒரு ஓட்டம் நடத்தினார்கள். அந்தச் சாலைகளைக் காப்பாற்றுவதும் அதன் நோக்கம். இன்று அவை அந்த வட்டாரத்தின் பெருமை. இங்கேயும் அப்படிச் செய்யலாமே என்று எங்கள் குழுவில் ஒருவர் ஆரம்பித்தார். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகும் ஊர்க்காரனிடம், என் ஞாயிற்றுக்கிழமை சந்தோஷத்துக்காக உன் ரோட்டில் தார் வேண்டாம் என்று எந்த முகத்தோடு சொல்வது? காப்பாற்ற வேண்டியவை வேறு. ஏரிக்கரைகள், கர்நாடக கிராம வரைபடங்களில் 'பண்டி தாரி', 'காலு தாரி' என்று குறித்திருக்கும் வண்டிப் பாதை, நடை பாதைகள். வரைபடத்தில் இருந்து, நிலத்தில் காணாமல் போனவற்றைக் கிராவல்காரர்கள் அளவுக்கு யாரும் தேடி அலைவதில்லை. போன வருடம் கடந்து போன ஒரு வண்டிப் பாதையில் இந்த வருடம் சுற்றுச்சுவரும் இரும்பு கேட்டும். கேட்டில் 'வில்லா' என்று எழுதியிருந்தது.

திரும்பும்போது தேவனஹள்ளி தாலுகாவில், ஒரு புளிய மரத்தடியில் நின்று போனில் வழி பார்த்துக்கொண்டிருந்தோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் எங்களையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் கேட்டேவிட்டார்: "சர்வேனா, ஸ்வாமி?"

அவர் பயத்துக்குக் காரணம் உண்டு. விமான நிலையம் 2008ல் வந்ததிலிருந்து இந்தத் தாலுகாவில் மண்ணின் விலை வேறு. 13 கிராமங்களில் 1,777 ஏக்கரைத் தொழிற்பேட்டைக்காகக் கையகப்படுத்தும் திட்டத்தை எதிர்த்து விவசாயிகள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்து போராடினார்கள். 2025 ஜூலையில் மாநில அரசு அதைக் கைவிட்டது. விருப்பமுள்ளவர்கள் மட்டும் தாங்களாக விற்கலாம் என்றது. வெளியூர் ஆட்கள் கையில் வரைபடத்தோடு வந்து நின்றால் இங்கே யாரும் சைக்கிளைப் பார்ப்பதில்லை, வரைபடத்தைத்தான் பார்க்கிறார்கள்.

சர்வே இல்லை, சும்மா சுற்ற வந்தோம் என்று அரைகுறை கன்னடத்தில் சொன்னேன். பெரியவர் நம்பியதாகத் தெரியவில்லை. சைக்கிளைத் தொட்டுப் பார்த்து விலை கேட்டார். ஒரு லட்சத்துக்கு மேல் என்று சொல்ல நாக்கு வரவில்லை. பழைய சைக்கிள் என்று மழுப்பினேன். பிறகு, மெயின் ரோட்டில் டிப்பர் லாரிகள் ஜாஸ்தி, ஏரிக்கரை மேலேயே போய்விடுங்கள், ஆனால் முள் கிடக்கும் என்று கையால் வழி காட்டினார்.

முள் கிடந்தது. கரையின் பாதியில் பின் டயர் புஸ்ஸென்று இறங்கிவிட்டது. மாற்று டியூப் போட்டுக் காற்றடித்து முடிப்பதற்குள், ஆடுகளை ஓட்டிக்கொண்டு பெரியவரே வந்து சேர்ந்துவிட்டார்.