அல்லி ராச்சியமும் சுல்தானாவின் கனவும்

மதுரைச் சீமையில் ஒரு வீட்டில் பெண்ணின் சொல்லுக்குச் சற்று மதிப்பு மிகுந்துவிட்டால், "அங்கே அல்லி ராச்சியம் நடக்கிறது" என்று சொல்லிச் சிரிப்பது நெடுநாள் வழக்கம். புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் அல்லியரசாணி மாலையில் மதுரையை ஆண்டவள் அல்லி. அவளைச் சூழ்ந்து நின்று ஆட்சி நடத்தியவர்களும் பெண்களே. அத்தகையவளை அருச்சுனன் போர்க்களத்தில் வெல்லவில்லை. பாம்பு உருவெடுத்து அரண்மனைக்குள் நுழைந்து, அவள் உறங்கும் வேளையில் தாலி கட்டிவிடுகிறான். பெண் ஆளலாம், ஆனால் அவள் உறங்கி எழுவதற்குள் அந்த ஆட்சி முடிந்துவிட வேண்டும் என்பதே இக்கதையின் உட்கிடை போலும்.

இந்த நகைப்பு நமக்கு மட்டும் உரியதன்று என்பதை நான் அறிந்தது 1984ஆம் ஆண்டில். அப்போது நாங்கள் திருப்பரங்குன்றத்து மலையடிவாரத் தெரு ஒன்றில் குடியிருந்தோம். வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி இல்லை. பெருநாள் விடுமுறை வந்தால் மதுரை டவுனிலிருந்து வண்ணப் பெட்டியையும் 'டெக்'கையும் வாடகைக்கு எடுத்து வருவார்கள். லண்டனிலிருந்து வந்திருந்த மாமா, தம்முடன் கொண்டுவந்த வீடியோ நாடா ஒன்றை அன்றிரவு ஓடவிட்டு, பக்கத்தில் அமர்ந்து தமிழில் விளக்கம் சொன்னார்.

ரானி பார்க்கர், ரானி கார்பெட் என்னும் இரு நடிகர்கள் பி.பி.சி. தொலைக்காட்சியில் நடத்திய 'தி டூ ரானீஸ்' என்ற நகைச்சுவை நிகழ்ச்சியின் பகுதி அது. மிதிபட்ட புழு திருப்பித் தாக்குவதைக் குறிக்கும் பெயருடன் 1980இல் எட்டுப் பகுதிகளாக வெளிவந்தது. கதை நடப்பது 2012இல். இங்கிலாந்து முழுவதும் பெண்களின் ஆட்சி. ஆண்கள் பெண்ணுடை அணிந்து, பெண்பெயர் பூண்டு, வீட்டு வேலையில் உழல வேண்டும் என்பது சட்டம். நாயகர் இருவரின் பெயர் ஜேனட், பெட்டி. அவர்களுடைய நாட்டுக் கொடியான 'யூனியன் ஜாக்' கூட 'யூனியன் ஜில்' என்று பெண்பெயர் பெற்றுவிட்டது. அரசுக் காவற்படைத் தலைவியாக டயானா டோர்ஸ் என்னும் நடிகை அதிகாரம் செலுத்துவார். கொடுமை தாளாமல் நாயகர் இருவரும் வேல்ஸ் பகுதிக்குத் தப்பி ஓடுகிறார்கள்.

அவ்வளவு பருமனான மனிதர் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவதைக் கண்டு வீடே குலுங்கிச் சிரித்தது. ஆயின், காவற்பெண்கள் தொடைவரை மட்டும் மறைக்கும் காற்சட்டையில் அணிவகுத்து வந்தபோது அத்தா தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்து, நாடாவை நிறுத்தப் போனார். அப்போதுதான் நன்னி பேசினார்.

"ஏம்ப்பா, ராச்சியம் பொம்பளை கையில இருந்தா இப்படியா உடுத்திக்கிட்டுக் காவல் நிப்பா? இது ஆம்பளை கண்ட கனவுப்பா."

பள்ளிக்கூட வாசலை மிதித்தறியாத அவர் ஒரே சொல்லில் அந்த நாடகத்தை எடைபோட்டுவிட்டார். சிரிப்பு அடங்குமுன் அடுத்ததையும் சொன்னார்: "வெளியே தலைகாட்ட முடியாமத் தவிக்கிற அந்த ரெண்டு பேரையும் பார்த்து ஐயோ பாவங்கிறியே, உன் மக ரெண்டு வருசமா அப்படித்தானே இருக்கா?"

என் தமக்கை எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டிருந்தாள். நன்றாகப் படித்தவள். பருவமெய்தியதும் படிப்பை முடித்துக்கொள்வது எங்கள் உறவு வட்டத்தில் யாரும் கேள்வி கேட்காத நடைமுறை. அன்று அத்தா பதிலேதும் பேசவில்லை. சில மாதங்கள் கழித்து, தமக்கை பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதுவதற்கு வேண்டிய நூல்களை அவரே வாங்கி வந்தார்.

கல்லூரியில் பயின்ற நாளில் ருகையா சகாவத் உசேன் அம்மையாரின் 'சுல்தானாவின் கனவு' என் கைக்குக் கிடைத்தது. ருகையா 1880இல் வங்காளத்து ரங்பூர்ப் பகுதியைச் சேர்ந்த பைராபந்தில் பிறந்தவர். வீட்டார் உறங்கிய பின் இரவில் தமையனாரிடம் ஆங்கிலம் கற்றவர். கணவர் அலுவல் நிமித்தம் வெளியூர் சென்றிருந்தபோது பொழுதுபோக்காக எழுதிய இக்கதை, 1905இல், கமலா சத்தியநாதன் அம்மையார் சென்னையில் நடத்திவந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்னும் ஆங்கில ஏட்டில் வெளிவந்தது. வங்கத்து முஸ்லிம் பெண்ணின் கனவு முதலில் அச்சேறியது நம் தமிழகத் தலைநகரில் என்பது நாம் பெருமையுடன் நினைவிற்கொள்ளத் தக்கது.

அந்தக் கனவு நாட்டில் ஆண்கள் அந்தப்புரத்தில் இருந்து சமைக்கிறார்கள், குழந்தை வளர்க்கிறார்கள். பெண்கள் கதிரவனின் வெப்பத்தைச் சேமித்து அடுப்பெரிக்கிறார்கள். மேகத்திலிருந்து நீரை இறக்கிப் பயிர் விளைக்கிறார்கள். பகைவரிடம் ஆண்படை தோற்றபோது, படைக்கலம் ஏந்தாமல், அதே வெயிலின் கதிர்களைக் குவித்துப் பகைவரை விரட்டியவர்கள் பல்கலைக்கழக மாணவியர். ஆண்கள் நாள்முழுதும் அலுவலகத்தில் செய்யும் வேலை இவர்களுக்கு இரண்டு மணி நேரத்தில் முடிகிறது. சுருட்டுப் புகைப்பதிலேயே ஆண்கள் ஆறு மணி நேரத்தைக் கழிக்கிறார்களே என்று கணக்கும் காட்டுகிறார் ஆசிரியர்! தீங்கு செய்யக்கூடியவரை வெளியே விட்டு, தீங்கறியாதவரை உள்ளே பூட்டுவது எந்த ஊர் நியாயம் என்பதே அவருடைய வினா.

இக்கதையை நான் வீட்டுப் பெண்களுக்குத் தமிழாக்கிப் படித்துக் காட்டினேன். சுருட்டுக் கணக்கு வந்த இடத்தில் நன்னி கண்ணீர் வரச் சிரித்தார். இரண்டு சிரிப்புகளுக்கும் உள்ள வேற்றுமை அன்று எனக்கு விளங்கியது. லண்டன் நாடகம், பெண்ணுக்குரிய வாழ்வு ஆணுக்கு வந்தால் எத்துணை அவலம் என்று காட்டிச் சிரிக்கவைத்தது. அந்த வாழ்வு பெண்ணுக்கு மட்டும் எப்படிப் பொருந்தும் என்று கேட்க மறந்தது. ருகையா கேட்டார். அல்லி உறக்கத்தில் ஆட்சியை இழந்தாள். சுல்தானா உறக்கத்தில் ஆட்சியைக் கண்டாள்.

கனவோடு அவர் நிற்கவுமில்லை. 1909இல் கணவரை இழந்தவர், அவர் பெயரால் பாகல்பூரில் பெண்கள் பள்ளி தொடங்கினார். 1911இல் கல்கத்தாவில் எட்டு மாணவியருடன் அதை மீண்டும் நிறுவினார். 1932இல் மறையும்வரை அதுவே அவர் பணி.

அந்தப்புரம் ஆண்களுக்குரியதாக வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. ஆயினும் சிந்திக்க வேண்டிய ஒன்றுண்டு. அந்நூர் அத்தியாயத்தில் பார்வையைத் தாழ்த்துமாறு வரும் கட்டளை, 30ஆம் வசனத்தில் ஆண்களை நோக்கியே முதலில் வருகிறது. பெண்களுக்கு அடுத்த வசனத்தில்தான். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தார்க்குப் பணிசெய்வார்கள், தொழுகை நேரம் வந்ததும் எழுந்து செல்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். அவர்கள் விரும்பிச் செய்த பணியையன்றோ நாம் ஆணுக்கு இழிவென்று எண்ணி நகைக்கிறோம்!

என் தமக்கை பத்தாம் வகுப்பில் தேறினாள். அதற்குமேல் படிக்க வாய்க்கவில்லை. அவளுடைய பெண்மக்கள் இருவரும் பட்டம் பெற்றார்கள். "அல்லி ராச்சியம்" என்று எவரேனும் அவள் வீட்டைச் சொன்னால், "ஆமாம், இங்கே யாரும் தூங்கவில்லை" என்பாள்.