இடக்கைக்கு வேலை தராத வண்டி

வலக்கை செய்யும் வேலைகளை உலகம் கண்ணாரக் காண்கிறது. இடக்கை செய்யும் வேலைகளோ அந்தக் கை தளர்ந்த பிறகுதான் நினைவுக்கு வருகின்றன. சட்டைக்குப் பொத்தான் போடுவதற்கும், தேங்காயைத் துருவும்போது மூடியைப் பிடிப்பதற்கும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறப்பதற்கும் இரண்டு கைகள் வேண்டும் என்பதை நலமாக இருப்பவர் எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. மோட்டார் சைக்கிளும் அப்படித்தான். வலக்கை முறுக்க வண்டி விரைகிறது. காண்பவர் கண்ணுக்குத் தெரிவது அதுவே. ஒவ்வொரு நிறுத்தத்திலும், ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் கிளட்ச் பிடியை அழுத்தி விடுவிக்கும் இடக்கை இல்லாமல் அந்த விரைவு இல்லை.

எங்கள் காக்காவின் இடக்கை தளர்ந்தபோதுதான் இந்த உண்மை எங்களுக்கு முழுமையாக விளங்கிற்று. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கொலம்பஸ் நகரை ஒட்டி, சகோதரர் மூவரும் பல ஆண்டுகளாக அடுத்தடுத்துக் குடியிருக்கிறோம். கழுத்தெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு நழுவி நரம்பை நசுக்கியதால் காக்காவுக்கு அறுவை மருத்துவம் நடந்தது. வலி நீங்கியது, ஆனால் இடக்கையின் பிடி மட்டும் திரும்பவில்லை. தேநீர்க் கோப்பையைப் பிடிக்கும் அளவுக்கு வலு உண்டு. கிளட்ச் பிடியை அழுத்துமளவுக்கு இல்லை. இருபது ஆண்டுகளாக ஓட்டிய வண்டியை ஒரு நாள் அவர்களே பேசி விற்றார்கள். அதற்குப் பின் அவர்கள் வண்டியைப் பற்றிப் பேசவே இல்லை. அந்த மௌனம்தான் எங்களை வருத்தியது.

காயல்பட்டினத்தில் எங்கள் வாப்பாவிடம் ஒரு யெஸ்டி இருந்தது. 1961 முதல் 1996 வரை மைசூரில் இயங்கிய தொழிற்சாலையில் உருவான ஜாவா, யெஸ்டி வண்டிகளுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. காலால் கியர்க் கம்பியை மிதித்தால் கிளட்ச் தானாகவே விடுபடும். ஓடுகையில் கைப்பிடியைத் தொடாமலே கியர் மாற்றலாம். வாப்பா அப்படித்தான் ஓட்டுவார்கள். திருச்செந்தூர்ச் சாலையில் காற்றுக்குச் சட்டை படபடக்க அவர்கள் பின்னால் முறை வைத்து உட்கார்ந்து சென்றவர்கள் நாங்கள். அந்த நினைவிலிருந்தே ஒரு கேள்வி எழுந்தது: கிளட்ச் பிடியே இல்லாத மோட்டார் சைக்கிள் உலகில் இல்லையா?

இருந்தது. 1976இல் ஜப்பானின் ஹோண்டா, தன் புகழ்பெற்ற நான்கு சிலிண்டர் சிபி750 வண்டியைத் தானியங்கியாக்கி சிபி750ஏ என்ற பெயரில் வட அமெரிக்கச் சந்தைக்கு அனுப்பியது. ‘ஹோண்டாமேட்டிக்’ என்று மக்கள் அழைக்கும் இவ்வண்டியில் 736 கன சென்டிமீட்டர் எஞ்சின் உண்டு. கிளட்ச் பிடி கிடையாது. இரண்டே கியர்கள், காலால் ஒன்றைத் தேர்ந்துகொண்டால் போதும். எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய் நிறைந்த முறுக்குமாற்றி ஒன்று சுழல்கிறது. எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகளில் ஒன்றை ஓடவிட்டால் அதன் காற்று மற்றதைச் சுழற்றும் அன்றோ? இங்கே காற்றுக்குப் பதில் எண்ணெய், அதுவே தத்துவம். வண்டி பக்கத் தாங்கியில் சாய்ந்து நிற்கும்வரை கியர் விழாதபடி ஒரு பாதுகாப்புப் பூட்டும் வைத்திருந்தார்கள். விற்பனை மந்தமாக இருந்ததால் 1978இலேயே அதன் உற்பத்தி நின்றுபோயிற்று. அன்றைய இளைஞர்கள் சோம்பேறிகளின் வண்டி என்று ஒதுக்கியதொன்று, காக்காவைப் போன்றவருக்கு எத்தகைய அருமருந்து!

“கியரில்லாத ஸ்கூட்டர் ஒன்று வாங்கிக் கொடுத்தால் முடிந்ததே” என்று நண்பர் ஒருவர் சொன்னார். இன்று தமிழ்நாட்டின் தெருவெல்லாம் ஓடுவது அதுதானே என்பதும் சரியே. ஆனால் இழந்ததைத் திரும்பப் பெறுவது வேறு; இழந்ததற்கு ஈடாக ஒன்றைப் பெறுவது வேறு. காக்கா இழந்தது போக்குவரத்தை அன்று; கார் வாசலிலேயே நிற்கிறது. இரு தொடைகளுக்கு நடுவே எஞ்சின் துடிக்க, உடலைச் சாய்த்து வளைவில் திரும்பும் அந்த அனுபவத்தையே அவர்கள் இழந்திருந்தார்கள்.

2022ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், ஊருக்கு வெளியே ஒரு பண்ணைவீட்டுக் கொட்டகையில் 1976ஆம் ஆண்டு ஹோண்டாமேட்டிக் ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. சட்டகம் உறுதியாக இருந்தது. எஞ்சின் கையால் சுழற்றச் சுழன்றது. கார்புரேட்டர்கள் மட்டும் வண்டியில் இல்லை. முன்னைய உரிமையாளர் துப்புரவு செய்வதற்காகக் கழற்றி, வேலையை முடிக்காமலே காலமாகிவிட்டாராம். அவருடைய துணைவியார் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து, “இதில் உள்ளது எல்லாம் அதனுடையதுதான், எல்லாம் இதில் உள்ளதா என்று எனக்குத் தெரியாது” என்று நேர்மையாகச் சொன்னார். அந்த நேர்மைக்கு மதிப்பளித்து, பேரம் பேசாமல் வாங்கி வந்தோம்.

மதினிக்கு இதில் மகிழ்ச்சி இல்லை. “ஒரு கையால் என்ன ஓட்டம்? விழுந்தால் அந்த ஒரு கையும் போகும்” என்று கண்கலங்கினார்கள். அவர்கள் அச்சத்தை நாங்கள் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முன்பிரேக் வலக்கையில், பின்பிரேக் வலக்காலில் என்பதை விளக்கி, பிரேக் முழுவதையும் புதிதாக்காமல் எஞ்சினை உயிர்ப்பிப்பதில்லை என்றும், ஆளில்லாத மைதானத்தில் ஓட்டிக் காட்டாமல் சாலைக்குப் போவதில்லை என்றும் வாக்குக் கொடுத்தோம். காக்கா ஒன்றும் பேசாமல் டப்பாவைத் திறந்து, வெள்ளைத் துணி விரித்த மேசையில் உறுப்புகளை ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினார்கள். பல மாதங்களுக்குப் பின் அவர்கள் முகத்தில் ஒரு தெளிவைக் கண்டோம்.

கார்புரேட்டர் என்பது எஞ்சினின் மூக்கும் வாயும் ஒன்றான உறுப்பு. காற்றையும் பெட்ரோலையும் உரிய அளவில் கலந்து ஊட்டுவது அதன் பணி. அடியில் ஒரு சிறு கிண்ணம். அதில் ஒரு மிதவை. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்து குழாயை அடைப்பது போல, பெட்ரோல் உரிய மட்டத்துக்கு உயர்ந்ததும் மிதவை ஓர் ஊசியை மேலே தள்ளி வழியை அடைக்கும். கிண்ணத்திலிருந்து ஜெட் எனப்படும் பித்தளைத் துளைகளின் வழியே பெட்ரோல் மேலேறி, விரைந்தோடும் காற்றில் தூளாகக் கலக்கும். நீண்டு கூர்ந்த மற்றோர் ஊசி, முறுக்கும் அளவுக்கேற்ப உயர்ந்து தாழ்ந்து அந்த ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும். சிலிண்டர் நான்கு, ஆகவே கார்புரேட்டரும் நான்கு. நான்கும் ஒரே தாளத்தில் இயங்க வேண்டும்.

எங்கள் மேசையில் கணக்கெடுத்தபோது அடைப்பு ஊசிகள் இரண்டு இல்லை. ஒரு மிதவையும் அதன் அச்சாணியும் இல்லை. ஒரு நீள ஊசியும் ஒரு பிரதான ஜெட்டும் இல்லை. உள்ளங்கையில் அடங்கிவிடும் இந்தப் பொருள்கள் இல்லாமல் இருநூறு கிலோவுக்கு மேற்பட்ட வண்டி அசையாது.

எளிய வழிகளைச் சொன்னவர்கள் உண்டு. சாதாரண சிபி750 வண்டியின் கார்புரேட்டர்கள் ஓரளவு எளிதாகக் கிடைக்கும். அவற்றை மாட்டிவிடலாம் என்றார் ஒருவர். ஆனால் தானியங்கி வண்டிக்கு ஹோண்டா வேண்டுமென்றே சிறிய கார்புரேட்டர்களை வைத்தது. அழுத்த விகிதத்தையும் 7.7க்கு 1 என்று குறைத்து, 47 குதிரைத் திறனுக்கு எஞ்சினை அமைத்தது. மெல்ல ஓடும்போது சீராக இழுக்க வேண்டிய எஞ்சினுக்குப் பெரிய வாய் பொருந்தாது. நின்ற நிலையில் எஞ்சின் மிகையாகச் சுழன்றால் முறுக்குமாற்றி வண்டியை முன்னே தள்ளும். குறைவாகச் சுழன்றால் கியர் போட்டதும் எஞ்சின் அணையும். இடக்கையால் கிளட்ச் பிடித்துச் சமாளிக்கும் வழியும் இதில் இல்லை. ஆகவே கார்புரேட்டரின் ஒழுங்குதான் காக்காவின் பாதுகாப்பு.

இன்னொருவர், ஓடும் நிலையிலுள்ள ஒரு ஹோண்டாமேட்டிக் விலைக்கு வந்திருப்பதாகவும், அதை வாங்கி உறுப்புகளைக் கழற்றிக்கொண்டு மீதியை எடைக்குப் போடலாம் என்றும் யோசனை சொன்னார். பணக்கணக்கில் பார்த்தால் அதுவே மலிவு. காக்கா சிறிது நேரம் சிந்தித்தார்கள். “ஓடுகிற ஒன்றை அழித்து ஓடாத ஒன்றை ஓட்டுவதா? நம்மைப் போல் இன்னொருவர் அதைத் தேடிக்கொண்டிருக்கலாம்” என்றார்கள். நாங்கள் மறுவார்த்தை பேசவில்லை.

குளிர்காலம் முழுவதும் இருக்கும் உறுப்புகளைத் துப்புரவு செய்வதில் கழிந்தது. நெடுங்காலம் தேங்கிய பெட்ரோல் ஆவியாகி, அரக்குப் போன்ற படலமாகத் துளைகளை அடைத்திருந்தது. இங்குள்ள பெட்ரோலில் பெரும்பாலும் பத்து விழுக்காடு எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர் வளையங்களை எல்லாம் நீக்கிப் புதியவற்றை இட்டோம். திருகுகளைக் கழற்றுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஜப்பானியத் திருகுகளின் சிலுவைப் பள்ளம் அவர்கள் நாட்டுத் தர அளவின்படி அமைந்தது. பிலிப்ஸ் திருப்புளி அதில் முழுதாகப் பதியாமல் நழுவித் தலையைச் சிதைத்துவிடும். அதற்குரிய திருப்புளியை வாங்கியே வேலை செய்தோம். ஜெட்டின் துளையைக் கம்பியால் குத்துவதும் ஆகாது. துளையின் குறுக்களவு பத்து விழுக்காடு கூடினால் பரப்பு இருபத்தொரு விழுக்காடு கூடும், கலவை கெடும். மருந்தில் ஊறவைத்து, காற்றால் ஊதி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பதே முறை. பிடியற்ற இடக்கையைத் தாங்கலாக வைத்து, வலக்கையால் இந்த நுண்ணிய வேலை முழுவதையும் காக்காவே செய்தார்கள்.

ஒஹாயோவின் லெக்சிங்டன் அருகே உள்ள பந்தயத் திடலில் ஆண்டுதோறும் ஜூலையில் பழைய மோட்டார் சைக்கிள் விழா நடக்கும். அங்கே கூடும் பழம்பொருள் சந்தை நம்மூர்க் கந்தூரிக் கடைகளை நினைவூட்டும். 2023இல் மூவரும் சென்றோம். காலை முழுவதும் அலைந்தும் பயனில்லை. பிற்பகலில் ஒரு முதியவரின் விரிப்பில், வெள்ளைப் பூஞ்சணம் பூத்த கார்புரேட்டர் தொகுதி ஒன்றைக் காக்கா கண்டார்கள். வெளிப்புறம் அரித்துப் பாழாகியிருந்தது. மேற்பொறித்த எண் எங்களுடையதோடு ஒத்திருந்தது. கிண்ணத்தைத் திறந்தால் உள்ளே பித்தளை உறுப்புகள் பொன்போல் கிடந்தன. முதியவர் காக்காவின் இடக்கையைச் சற்று நேரம் பார்த்தார், காரணம் கேட்கவில்லை. “ஹோண்டாமேட்டிக்கா? சரியான வண்டியைத்தான் தேர்ந்திருக்கிறீர்கள்” என்று சொல்லி, கேட்ட விலையில் பாதியை மட்டும் பெற்றுக்கொண்டார்.

உறுப்புகளைப் பொருத்தி, நான்கு கார்புரேட்டர்களிலும் உறிஞ்சழுத்தமானிகளை இணைத்து ஒரே அளவுக்குக் கொண்டுவர இரண்டு வாரங்கள் ஆயின. வாக்களித்தபடியே மூடிய பள்ளிக்கூடம் ஒன்றின் பரந்த வாகனத் திடலுக்கு, உரிய அனுமதி பெற்று, ஒரு ஞாயிறு காலையில் வண்டியை ஏற்றிச் சென்றோம். மதினியும் வந்திருந்தார்கள். காக்கா தலைக்கவசம் அணிந்து, தாங்கியை மடக்கி, முதல் கியரை மிதித்தார்கள். வண்டி குலுங்கவில்லை, அணையவில்லை. நீரோடை புறப்படுவது போல நகர்ந்தது. இடக்கை கைப்பிடியின்மேல் சும்மா சாய்ந்திருந்தது. பத்துச் சுற்றுகள் முடிந்து நின்றபோது, மதினி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “பின்னால் இருவர் உட்காரலாமா, ஒருவர்தானா?”

அரித்துப்போன அந்தத் தொகுதியில் எங்கள் தேவைக்குப் போக இரண்டு அடைப்பு ஊசிகளும் மூன்று மிதவைகளும் மூன்று ஜெட்டுகளும் மூன்று நீள ஊசிகளும் மிஞ்சின. காக்கா அவற்றைக் கழுவி, தனித்தனி உறைகளில் இட்டு, எண்ணும் பெயரும் எழுதி, பழைய பிஸ்கட் டப்பாவிலேயே வைத்தார்கள். சென்ற ஆண்டு கனடாவிலிருந்து முன்பின் அறியாத ஒருவர் ஓர் ஊசிக்காக எழுதிக் கேட்டார். அஞ்சல் செலவுகூட வாங்காமல் காக்கா அனுப்பி வைத்தார்கள். டப்பாவில் இன்னும் பத்து உறைகள் இருக்கின்றன.