செவுத்துப் பூச்சி

சித்தி மகள் பிஎச்.டி. விண்ணப்பத்துக்காக எழுதிய இரண்டு பக்கத்தை எனக்கு அனுப்பி, "அண்ணா, இங்கிலீஷ் மட்டும் பாத்துக் குடு" என்றாள். நான் இங்கிலீஷை மட்டும் பார்க்கவில்லை. ஒரு பத்தியை முழுசாகத் தூக்கிவிட்டேன்.

'கல்வி, ஆய்வுப் பின்புலம்' என்பது அந்தப் பகுதியின் தலைப்பு. அவளிடம் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தேன். அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல். தினமும் கும்மிடிப்பூண்டி லோக்கலில் போய் வந்து படித்த எம்.எஸ்சி. சேர விரும்பியதோ பரிணாம உயிரியல். அந்த நேர்காணலுக்கு வருகிற பிள்ளைகள் பலர் கோடை விடுமுறையில் பெங்களூர் ஆய்வகங்களில் வேலை பார்த்திருப்பார்கள். சிலர் பெயர் ஆய்வுக் கட்டுரையிலேயே இருக்கும்.

இவள் எழுதியிருந்தது செவுத்தைப் பற்றி.

சித்தப்பா சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் வாட்ச்மேன். பெரும்பாலும் நைட் ஷிப்ட். பி.எஸ்சி. இரண்டாம் வருஷம் ஏழு மாதம், விடியற்காலை ஐந்தரைக்கு அவருக்கு டீ கொண்டுபோகும் சாக்கில் இவள் அந்த மில்லின் காம்பவுண்டுச் சுவரில் அந்துப்பூச்சி எண்ணியிருக்கிறாள். சுவரில் ஒரு பாதி புகை படிந்து கறுத்தது. மறு பாதி இடிந்து புதுசாகக் கட்டி வெள்ளையடித்தது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி டியூப்லைட். கறுத்த பூச்சி எங்கே அதிகம் உட்காருகிறது, வெளிறிய பூச்சி எங்கே? எண்ணி முடித்துவிட்டு ஏழு மணி ரயிலைப் பிடிப்பாள்.

யோசனை பாடப்புத்தகத்திலிருந்து வந்ததுதான். பரிணாமம் என்றால் எல்லாப் புத்தகத்திலும் வந்துவிடும் பெப்பர்டு மாத்: வெள்ளை இறக்கையில் மிளகுத்தூள் தூவியது மாதிரி இருக்கும் இங்கிலாந்துப் பூச்சி. மரப்பட்டையில் படர்ந்த லைக்கன்மேல் உட்கார்ந்தால் பறவை கண்ணுக்குத் தெரியாது. (லைக்கன் நமக்கு அந்நியமில்லை. பிரியாணியில் போடும் கல்பாசி அதுதான்.) ஆலைப்புகை லைக்கனைக் கொன்று மரத்தைக் கறுப்பாக்கியதும் கதை மாறியது. 1848இல் மான்செஸ்டரில் கறுப்பு வகை ஒன்று பதிவானது. ஐம்பது வருஷத்துக்குள் அங்கே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் கறுப்பு. பிறகு சட்டம் போட்டுப் புகையைக் குறைத்தபோது வெள்ளை திரும்பி வந்தது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த ஆள் ஹால்டேன். 1924இல், வயலுக்குப் போகாமல், பேனாவும் காகிதமுமாகக் கணக்குப் போட்டார். இவ்வளவு சீக்கிரம் கறுப்பு பெருக வேண்டுமானால் அது வெள்ளையைப் போல் சுமார் ஒன்றரை மடங்கு சந்ததியை விட்டுப்போக வேண்டும். இயற்கைத் தேர்வு ஆமை வேகத்தில்தான் நடக்கும் என்று நம்பிய காலத்துக்கு இது பெரிய எண். அந்த மனிதருக்கு விஞ்ஞானத்தில் ஒரு பட்டமும் கிடையாது. ஆக்ஸ்போர்டில் கணிதம் கொஞ்சம் படித்துவிட்டுக் கிரேக்கம், லத்தீன், தத்துவம் என்று போனவர். 1957இல் கல்கத்தா வந்து இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரத்தில் இறந்தார். இங்கே இருந்தபோது விலையுயர்ந்த கருவி இல்லாமலே செய்யக்கூடிய ஆய்வுகளைத் தேடினார். அவரோடு வேலை செய்தவர்கள் பூக்களின் இதழ்களை எண்ணினார்கள்.

இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்தப் பத்தியை வெட்டித்தான் இருப்பேன். ஏனென்றால் அதன் கடைசி வரியில், 'இரண்டு பக்கத்துக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை' என்று அவளே எழுதியிருந்தாள். நான் வேலை செய்யும் இடத்தில் ஓடாத புராஜெக்டை ரெஸ்யூமில் போடமாட்டோம். அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. வாட்ச்மேன், டீ, மில் கேட்டு என்று அந்தப் பத்தி முழுக்க எங்கள் வீடு தெரிந்தது. நான் இன்ஜினீயரிங் படித்ததே அந்தக் கேட்டிலிருந்து தூரமாகப் போகத்தான். அவள் எம்.எஸ்சி. முடித்தபோதும், "டெஸ்டிங் கோர்ஸ் பண்ணு, ஆறு மாசத்துல வேலை" என்றவன் நான்தான்.

சுத்தமான இரண்டு பக்கத்தோடு போனாள். பத்து நிமிஷத்தில் அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வருஷம் என்னிடம் காட்டவில்லை. பத்தியைத் திரும்பப் போட்டுக்கொண்டாள். இந்த முறை நாற்பது நிமிஷம், பெரும்பகுதி செவுத்தைப் பற்றியே. ஒருவர் கேட்டாராம்: வெள்ளைச் சுவரில் ஒரு கறுப்புப் பூச்சி உட்கார்ந்திருந்தால் அது அங்கே பிழைக்கும் என்று அர்த்தமா, காக்கா இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தமா?

"நான் மிச்சம் இருந்ததத்தான் எண்ணினேன், தின்னுட்டுப் போனத எண்ணலன்னு சொல்லிட்டேன்ணா."

அது மட்டுமில்லை. பல இனங்களைக் கலந்து எண்ணியிருக்கிறாள். கறுப்பு ஓர் இனம், வெளிறியது வேறோர் இனமாக இருந்தால் மான்செஸ்டர் கதை இங்கே பொருந்தாது, அது ஒரே இனத்தின் இரண்டு வடிவம். டியூப்லைட் இழுத்து வந்த பூச்சி சுவரைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்தது என்று சொல்லவும் முடியாது. கும்மிடிப்பூண்டி மரத்தில் கல்பாசி இல்லாததற்குப் புகைதான் காரணம் என்றும் சொல்ல முடியாது. நம்ம ஊர் வெயிலுக்கு முன்பும் இருந்திருக்குமா? இப்படித் தன் ஆய்வைத் தானே பிரித்துப் போட்டிருக்கிறாள். அதையே அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். கேம்பிரிட்ஜில் மஜேரஸ் என்பவர் இதே மாதிரிச் சந்தேகங்களுக்குப் பதில் தேடி ஆறு வருஷம், 4,864 பூச்சிகளை விட்டுப் பறவை எதைத் தின்கிறது என்று பார்த்ததைப் பிறகு அவள்தான் எனக்குச் சொன்னாள்.

கடைசியாக நோட்டைப் புரட்டிய ஒருவர், நடுவில் மூன்று வாரம் கையெழுத்து வேறாக இருக்கிறதே என்றாராம். செமஸ்டர் பரீட்சை நாட்கள். எண்ணியது சித்தப்பா. அப்பாவும் மகளும் ஒரே மாதிரித்தான் எண்ணுகிறார்கள் என்று எப்படித் தெரியும்? அதற்கு முன்பு பத்து நாள் இருவரும் தனித்தனியாக எண்ணி, ஒப்பிட்டுப் பார்த்த பக்கத்தைத் திறந்து காட்டினாள்.

இப்போது பெங்களூரில் சேர்ந்து இரண்டாம் வருஷம். ஃபெலோஷிப் மாதம் 37,000. சித்தி இன்னும், "படிக்கிறதுக்கு எவன் காசு குடுப்பான்?" என்று நம்பாமல்தான் இருக்கிறாள்.

போன பொங்கலுக்கு அந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். சித்தப்பாவின் மூன்று வாரமும் பென்சிலில். தேதி, கறுப்பு, வெள்ளை, எதிலும் சேர்க்க முடியாதது என்று நாலு கட்டம், ஸ்கேல் வைத்துப் போட்டது. நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "அது சரியா வந்துச்சாப்பா? இவ ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறா" என்றார். வந்தது சித்தப்பா என்றேன். ஒரு நாள் மட்டும் கட்டங்களில் எண் இல்லை. குறுக்கே எழுதியிருந்தார்: 'மழை. ரெண்டு மணிலேந்து கரெண்ட் இல்ல. டார்ச் அடிச்சுப் பாத்தேன், ஒண்ணும் இல்ல. பல்லி இருந்துச்சு.'