எஞ்சிய வேர்

வயலில் களை பறிக்கும் உழவன் கோரைப் புல்லைக் கண்டால் சற்றே நின்று நோக்குவான். மற்றைக் களைகள் பல, கையால் இழுத்த அளவில் வேரோடு வந்துவிடும். கோரையோ தன் தாளை மட்டும் கையில் தந்துவிட்டுக் கிழங்கை மண்ணுள் மறைத்து வைத்துக்கொள்ளும். வயல் தூய்மையாயிற்று என்று மகிழ்ந்து வீடு திரும்பினால், சின்னாட்களில் பச்சை முளைகள் மீண்டும் தலைகாட்டும். ஆதலின், அனுபவம் மிக்க உழவன் மேலே தெரிவதைப் பறிப்பதோடு நில்லான். மண்ணைக் கிளறிக் கிழங்கையும் பொறுக்கி எறிவான். கணினியில் புகுந்த வேண்டாத மென்பொருளை அகற்றுவதும் இத்தகையதொரு தொழிலே ஆகும்.

மென்பொருள் என்பது ஓரிடத்தில் அடங்கிக் கிடக்கும் ஒற்றைப் பொருள் அன்று. விண்டோஸ் கணினியில் அது நிறுவப்படும்பொழுது, தன் கோப்புகளை ஓர் அடைவில் வைக்கும். பயனரின் விருப்பங்களைப் பிறிதோர் அடைவில் எழுதும். ரெஜிஸ்ட்ரி எனப்படும் பதிவேட்டில் தன் குறிப்புகளைச் சேர்க்கும். தீய நோக்கமுடைய மென்பொருளாயின், குறித்த வேளையில் தானே எழுந்து இயங்குமாறு பணி அட்டவணையில் ஒரு கட்டளையும் இட்டு வைக்கும். உலாவியின் முகப்புப் பக்கத்தையும் தேடுபொறியையும் மாற்றிவிடும். பின்னர் ஒருவர் அதனை நீக்குமாறு கட்டளை இட்டால், பெரும்பாலும் அதனை ஆக்கியோரே எழுதி வைத்த நீக்கு நிரலே இயங்குகிறது. வீட்டில் புகுந்தவனையே அழைத்து, ‘நீ வைத்த பொருளையெல்லாம் எடுத்துச் செல்’ என்று கூறுவதை ஒக்கும் இது. நேர்மையுடையவன் எடுத்துச் செல்வான். அல்லாதவன் ஒன்றிரண்டை விட்டுச் செல்வான்.

எஞ்சுவன யாவும் தீங்கு செய்வன அல்ல. வெற்று அடைவும் பழைய குறிப்பும் உதிர்ந்த சருகு போல்வன; கிடந்தாலும் கேடில்லை. ஆனால் சில எச்சங்கள் சாம்பலுள் மறைந்த கங்கு போல்வன. இதற்கு 2015-ஆம் ஆண்டில் வெளிப்பட்ட நிகழ்ச்சி ஒன்று தக்க சான்றாகும்.

லெனோவோ என்னும் நிறுவனம், 2014-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் விற்ற மடிக்கணினிகள் சிலவற்றில் சூப்பர்ஃபிஷ் என்னும் விளம்பர மென்பொருளை முன்னரே நிறுவியிருந்தது. இணையத்தில் ஒருவர் காணும் படங்களை ஆராய்ந்து, அவற்றை ஒத்த விலைப்பொருள்களைக் காட்டுவதே அதன் வேலை. மறையீடு செய்யப்பெற்ற பக்கங்களிலும் நுழைவதற்காக அது ஒரு சூழ்ச்சி செய்தது. கணினி நம்புகின்ற மூலச் சான்றிதழ்களின் பட்டியலில் தன் சான்றிதழையும் சேர்த்துவிட்டது.

இதன் பொருள் யாது? கோட்டை வாயிலில் நிற்கும் காவலன், தன்னிடமுள்ள பட்டியலிற் கண்ட முத்திரைகளை மட்டுமே நம்பி ஆட்களை உள்ளே விடுகிறான். அப்பட்டியலில் வணிகன் ஒருவன் தன் முத்திரையையும் எழுதிவிட்டால், அம்முத்திரை தாங்கி வருவோர் எல்லார்க்கும் கதவு திறக்கும் அன்றோ? அதனினும் கொடியது ஒன்றுண்டு. அம்முத்திரையை இடுதற்குரிய மறைவுத் திறவுகோல் எல்லாக் கணினிகளிலும் ஒன்றாகவே இருந்தது. அதனைக் காத்த கடவுச்சொல்லோ எளிதிற் கண்டறியத்தக்கதாய் இருந்தது. 2015 பிப்ரவரியில் அது கண்டறியப்பட்டது.

செய்தி அறிந்த ஒருவர், உடனே அம்மென்பொருளை நீக்கிவிட்டதாகக் கொள்வோம். விளம்பரங்கள் மறைந்தன; அவர் மனம் அமைதியுற்றது. மறுநாள் பலர் கூடும் சிற்றுண்டிச் சாலையில் அமர்ந்து, அங்குள்ள பொது இணைப்பின் வாயிலாகத் தம் வங்கிக் கணக்கைத் திறக்கிறார். மென்பொருள் போயிற்று, ஆனால் சான்றிதழோ பட்டியலில் அப்படியே இருக்கிறது. அதே இணைப்பிலுள்ள கயவன் ஒருவன் பொய் முத்திரை இட்ட வங்கிப் பக்கத்தைக் காட்டினால், அவருடைய கணினி ஐயமின்றி ஏற்றுக்கொள்ளும். பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பொருள் இத்தகைய எச்சம் ஒன்றால் பறிபோகக்கூடும்.

அவ்வாண்டு பிப்ரவரி 20-ஆம் நாள் அமெரிக்க அரசு இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டு, மென்பொருளோடு சான்றிதழையும் நீக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. லெனோவோ நிறுவனமும் அதற்கெனத் தனிக் கருவி ஒன்றை அளித்தது. ஃபயர்பாக்ஸ் உலாவி தனக்கெனத் தனிப் பட்டியல் வைத்திருந்தமையால் ஆங்கும் தேடிக் களைய வேண்டியதாயிற்று. 2017-இல் அந்நிறுவனம் அமெரிக்க மாநிலங்கள் 32-க்கு 35 இலட்சம் டாலர் செலுத்த இசைந்தது.

எனினும் களைவதிலும் நிதானம் வேண்டும். 2005-இல் சோனி பிஎம்ஜி நிறுவனத்தின் இசைத்தட்டுகள் சில, கணினியில் ஒரு மென்பொருளைக் கரவாகப் புகுத்தின. அதனை நேரே அழித்தோர்க்குக் குறுந்தட்டு இயக்கி செயலிழந்தது. நிறுவனம் முதலில் தந்த நீக்கு கருவியோ, எந்த இணையதளமும் கணினியுட் புகத்தக்க வேறொரு வாயிலைத் திறந்து வைத்தது. களை பறிக்கப் போய்ப் பயிரைப் பறித்தல் ஆகாது என்பதற்கு இது பாடம்.

ஆகவே, முறை அறிந்து செய்தல் நலம். முதற்கண் தேவையான கோப்புகளுக்குப் படி எடுத்து வேறிடத்தில் வைத்தல் வேண்டும். அடுத்து, அமைப்புகளிலுள்ள நிரல்களின் பட்டியல் வழியே மென்பொருளை நீக்கிக் கணினியை மீண்டும் தொடங்குதல் வேண்டும். பின்னர் உலாவியின் நீட்சிகள், முகப்புப் பக்கம், தொடக்கத்தில் இயங்குவனவற்றின் பட்டியல், பணி அட்டவணை, சான்றிதழ்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தல் வேண்டும். நம்பத்தக்க நச்சுநிரல் தடுப்பானால் கணினி முழுவதையும் ஆராய்தலும் வேண்டும். பதிவேட்டில் பொருள் விளங்காத குறிப்பைத் தொடாதிருத்தல் அறிவுடைமை. விரைவில் தூய்மை செய்து தருவதாகக் கூவும் விளம்பரங்களை நம்பி மற்றொரு களையை விதைத்துக்கொள்ளுதல் பேதைமை.

கண்ணுக்குத் தெரிவது அகன்றதனால் தீமை அகன்றது என்று எண்ணுதல் மனித இயல்பு. கோரையின் தாள் மறைந்த வயலும் பார்வைக்கு அழகாகவே இருக்கும். ஆனால் உழவன் மகிழ்வது அன்று அன்று. கிளறிய மண்ணில் அடுத்த மழைக்குப் பின்னும் கோரை முளையாதது கண்ட நாளிலேதான்.