பகல் பத்து மணிக்குச் செய்யும் வேலை

ஆயர் குரோ என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு டோலும் மிருகக்காட்சிசாலையும்தான் நினைவுக்கு வரும். டோலைத் தாண்டி உள்ளே வந்தால் தொழிற்பேட்டை. சற்றுத் தள்ளி புக்கிட் பெருவாங்கில் மல்டிமீடியா பல்கலைக்கழகம். அந்த வட்டாரத்தில், ஒரு கடைவீட்டின் மாடியில் இருக்கும் சிறிய அலுவலகத்துக்கு, சர்வர் அப்கிரேட் எப்படி நடக்கிறது என்று பார்க்கப் போயிருந்தேன். வாடிக்கையாளர்களின் சர்வர்களைப் பராமரிப்பது அவர்கள் தொழில். குழுவின் தலைவி நாற்பதைத் தொடும் தமிழ்ப் பெண். அம்மா புக்கிட் அசாஹான் பக்கம் பால்மரம் வெட்டியவர். உடன் இருந்த இரண்டு இளைஞர்களும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அன்று கைவைக்கவிருந்தது ரேபிட்எம்கியூ கிளஸ்டர். ஒரு கடையின் இணையதளத்தில் நாம் ஆர்டர் போட்டதும் அந்தச் செய்தி கிடங்குக்கும் கணக்குப் பிரிவுக்கும் கூரியருக்கும் போக வேண்டும். மூன்றும் ஒரே நேரத்தில் தயாராக இருக்காது. அதனால் செய்தி ஒரு வரிசையில் காத்திருக்கும். எடுத்தவர் 'வேலை முடிந்தது' என்று ஒப்புதல் அனுப்பிய பிறகே வரிசையிலிருந்து நீங்கும். அந்த வரிசைகளைக் காப்பதுதான் இந்த மென்பொருளின் வேலை. 2007-இல் வெளிவந்த இது எழுதப்பட்டிருப்பது எர்லாங் மொழியில். தொலைபேசி இணைப்பகங்கள் நிற்காமல் ஓட வேண்டும் என்பதற்காக எரிக்சன் நிறுவனத்தில் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங்கும் கூட்டாளிகளும் உருவாக்கிய மொழி அது.

கிளஸ்டரில் மூன்று சர்வர்கள் சேர்ந்து ஒரே வரிசையின் பிரதிகளை வைத்திருக்கின்றன. ஒன்றை நிறுத்தினாலும் மற்ற இரண்டும் வேலையைத் தொடரும். ஆகவே ஒவ்வொன்றாக நிறுத்தி, புதிய பதிப்பை ஏற்றி, எழுப்பி, அடுத்ததற்குப் போகலாம்; கடைக்குப் பூட்டு விழாது. அக்கா இதைத் தன் அம்மாவின் தொழிலிலிருந்து விளக்கினார். "அண்ணே, காலையில பெரட்டுல ஒரு ஆள் வரலைன்னா, மண்டோர் அந்த நிரையைப் பக்கத்து ஆளுங்களுக்குப் பிரிச்சுக் கொடுத்துடுவாரு. பால் எடுக்கிறது நிக்காது. ஆனா இங்க ஒரு வித்தியாசம். தோட்டத்துல ரெண்டு பேரு வரலைன்னாலும் மூணாவது ஆளு தன் நிரையை வெட்டுவாரு. இங்க மூணுல ரெண்டு படுத்துட்டா, மிச்சம் இருக்கிறது வேலை செய்ய மாட்டேன்னு நின்னுடும்."

அப்படி நிற்பது பழுதால் அல்ல. அதன் விதியே அது. 2019-இல் 3.8 பதிப்போடு வந்த குவோரம் வரிசைகள், ராஃப்ட் என்ற உடன்பாட்டு முறைப்படி இயங்குகின்றன. பெரும்பான்மை சர்வர்கள் எழுதிக்கொண்டால்தான் ஒரு செய்தி வந்து சேர்ந்ததாகக் கணக்கு. தனித்து மிஞ்சிய சர்வர் தன் இஷ்டத்துக்குச் செய்திகளை வாங்க ஆரம்பித்தால், மற்ற இரண்டும் திரும்பும்போது எது உண்மை என்று தெரியாமல் போகும். அதற்கு நின்றுவிடுவதே மேல்.

அன்று நான் பார்த்தது பெரும்பாலும் முன்னேற்பாடுதான். கிளஸ்டர் 3.13-இல் இருந்தது, போக வேண்டியது 4.0-க்கு. இந்தத் தாவலில் குழிகள் அதிகம். 3.12-இலிருந்து நேராக 4.0-க்குப் போக முடியாது, 3.13-ஐ மிதித்துத்தான் போக வேண்டும். புதிய வசதிகளுக்கான சுவிட்சுகள்போன்ற ஃபீச்சர் ஃபிளாக்குகளில் நிலையானவை எல்லாம் முன்பே இயக்கப்பட்டிருக்க வேண்டும். எர்லாங்கும் 26.2 அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரியது, 2024 செப்டம்பரில் வந்த 4.0-இல், குவோரம் வரிசைகளுக்கு முன்பு பிரதி வைக்கப் பயன்பட்ட மிரர் வரிசைகள் அடியோடு நீக்கப்பட்டுவிட்டன. ஏற்கெனவே உள்ள வரிசையின் வகையை மாற்ற வழியில்லை. புதிதாகக் குவோரம் வரிசை உருவாக்கி, பழையதிலிருந்து செய்திகளை அதற்கு அள்ளிவிட வேண்டும். இளைஞர்களில் ஒருவர் இந்த ஒன்றுக்காகவே வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார். வாடிக்கையாளரின் எந்த நிரல் எந்த வரிசையைத் தொடுகிறது என்று அவர் போட்டு வைத்திருந்த பட்டியலை எனக்குக் காட்டினார். அந்த நிரல்களை எழுதியவர்கள் யாரும் இப்போது அந்த நிறுவனத்தில் இல்லை.

அவர் காட்டிய இன்னொரு குழி என்னை உலுக்கிவிட்டது. 4.0-இல் குவோரம் வரிசைகளுக்கு மறுவிநியோக வரம்பு இயல்பாகவே 20. எடுத்தவரால் முடிக்க முடியாமல் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வரிசைக்கே வந்துகொண்டிருந்தால், வரம்பு தாண்டியதும் அது அகற்றப்படும். அகற்றியதைப் போட்டு வைக்கத் தனி வரிசை ஏற்படுத்தாதிருந்தால் அந்தச் செய்தி போயே போய்விடும். ஒருவருடைய ஆர்டர், ஒருவருடைய பணம். அந்தத் தம்பி ஒவ்வொரு வரிசைக்கும் அப்படி ஓர் ஒதுக்கிடம் இருக்கிறதா என்று ஒன்றுவிடாமல் பார்த்திருந்தார்.

சரியாகப் பத்து மணிக்கு ஆரம்பித்தார்கள். முதலில், மூன்று சர்வர்களும் எழுந்து நிற்கின்றனவா, ஒன்றை எடுத்தாலும் பெரும்பான்மை மிஞ்சுமா என்று உறுதி செய்துகொண்ட பிறகே மேலே போகவிடும் கட்டளையைக் கொடுத்தார்கள். பிறகு முதல் சர்வரை வடிய விட்டார்கள்: புதிய இணைப்புகள் மறுக்கப்பட்டன, இருந்த இணைப்புகள் மற்ற இரண்டுக்கும் போயின, வரிசைகளின் தலைமையும் இடம் மாறியது. திரையில் ஒரு கோடு இறங்க, மற்ற இரண்டு கோடுகள் ஏறின. நிறுத்தி, புதிய பதிப்பை ஏற்றி, எழுப்பினார்கள். எழுந்ததும் அடுத்ததற்கு ஓடவில்லை. தவறவிட்ட செய்திகளை அது பிடித்துச் சேரும்வரை மூவரும் கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்தார்கள். இந்தக் காத்திருப்பில்தான் தொழில்காரர் யார் என்று தெரிகிறது.

அக்கா முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இதே வேலையை நள்ளிரவில் செய்தார்களாம். அதிகாலை இரண்டரைக்கு, கண் சொருகிய ஒருவர், முதல் சர்வர் எழுந்து சேர்வதற்குள் இரண்டாவதை நிறுத்திவிட்டார். பெரும்பான்மை போயிற்று, வரிசைகள் நின்றன. எழுப்பிக் கேட்க ஒருவரும் இல்லை. "அவரு கெட்டிக்காரர் அண்ணே. தூக்கம்தான் கெடுத்துச்சு," என்றார்.

அதனால்தான் அவர் பகலில் செய்கிறார். நிறுத்தாமல் மாற்ற முடியும் என்பதற்காகத்தானே மூன்று சர்வர் வாங்கினோம், பிறகு ஏன் திருடர்போல இரவில் செய்ய வேண்டும் என்பது அவர் கேள்வி. பகலில் நிரல் எழுதியவர்கள் விழித்திருப்பார்கள், வாடிக்கையாளரின் ஆட்கள் போனை எடுப்பார்கள், கோளாறு உடனே கண்ணில் படும். வியாபாரம் உச்சத்தில் இருக்கும் நேரத்தை மட்டும் தவிர்த்தால் போதும். அவர் சொல்வதே சரி என்று நினைக்கிறேன். ரேபிட்எம்கியூவில் ஏறிய பதிப்பிலிருந்து இறங்க வழி கிடையாது. திரும்பிப் போக முடியாத வேலையைத் தூக்கக் கலக்கத்தில் இருப்பவரிடம் ஒப்படைப்பது நியாயமே இல்லை.

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே மூன்றும் முடிந்தன. கடைசியாகப் புதிய ஃபீச்சர் ஃபிளாக்குகளை இயக்கிவிட்டு, மீ கோரெங் வாங்க ஆள் அனுப்பினார்கள்.

4.0 வந்தபின் 3.13-க்கு இலவசத் திருத்தங்கள் வருவதில்லை. இன்னும் அதிலேயே இருக்கும் நிறுவனங்கள் இனிமேலும் தள்ளிப்போட முடியாது. முதலாளிமார்களுக்கு ஒரு வேண்டுகோள்: தேதி குறிக்கும்போது பகலைக் குறியுங்கள். முன்னேற்பாட்டுக்கு வேண்டிய வாரங்களை உங்கள் ஆட்களுக்குக் கொடுங்கள். இரவுதான் வேண்டும் என்று நீங்கள் பிடிவாதம் பிடித்தால், மறுநாள் விடுப்பையும் சேர்த்துக் கொடுங்கள்.