கழியொலி

பதினோராந் தரப் பிள்ளைகளுக்கு ஒலியைப் படிப்பிக்கும்போது கழியொலி பற்றியும் சொல்ல வேண்டும். செக்கனுக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்டது. மனிதக் காதுக்கு எட்டாதது. வௌவால் வழி தேடவும், கடலின் ஆழம் அளக்கவும், வயிற்றிலுள்ள பிள்ளையைப் பார்க்கவும் உதவுவது. இந்த மூன்று உதாரணங்களையும் பல வருடங்களாகக் கரும்பலகையில் எழுதி வந்தேன். நான்காவதை என் ராத்தாதான் எனக்குப் படிப்பித்தா.

ராத்தாவுக்கு 47 வயது. பெருநாள் முடிந்து மூன்று மாதமாகியும் களா நோன்பு பிடித்துக்கொண்டே இருந்தா. "ஏழெட்டு நோன்புதானே விடுபடும், இவவுக்கு ஏன் இவ்வளவு?" என்று முதலில் யோசித்தது என் மனைவிதான். குசினிக்குள் வைத்து மெல்லக் கேட்டபோது எல்லாம் வெளியே வந்தது. இரண்டு வருடமாக மாதத்தில் பன்னிரண்டு நாள் வரை இரத்தம் போகிறது. அடிவயிற்றில் பாரம். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வெளுத்துப்போன அந்த முகத்தை நானும் தினமும் பார்த்தேன். வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

"தம்பிக்கிட்ட இதையெல்லாம் எப்படிகா சொல்ற?" என்றாவாம்.

வெட்கம் மட்டுமல்ல, பயமும்தான். எங்கள் உம்மா 1991 இல் 'வயித்துக் கட்டி'யில் மௌத்தானா. எனக்கு அப்போது பதினொரு வயது. பட்டணத்துக்குப் போக அஞ்சிய யுத்த காலம். தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். நாட்டு மருந்து கொடுத்தார்கள். என்ன கட்டி, எங்கே இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. தனக்கும் அதுவேதான் என்று ராத்தா தீர்மானித்திருந்தா.

மருத்துவமாதுவிடம் சொல்லி, கிளினிக்குக்குப் போய், ஸ்கேனுக்கு எழுதி வாங்கினோம். பெண் டொக்டர் இருக்கும் நாளை விசாரித்துப் போனோம். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டிருக்கச் சொன்னார்கள். முறை வருவதற்குள் ராத்தா பட்ட பாடு! காற்றுள்ள குடலுக்குள்ளால் கழியொலி செல்லாது. நிரம்பிய சிறுநீர்ப்பை குடலை ஒதுக்கித் தள்ளி, கருப்பையைப் பார்க்க ஒரு யன்னலாகிறது. வயிற்றில் பூசும் ஜெல்லும் தோலுக்கும் கருவிக்கும் இடையிலுள்ள காற்றை அகற்றத்தான்.

நான் திரைக்கு வெளியே நின்றேன். உள்ளே போன மனைவி பிறகு சொன்னாள்: சிறுநீர்ப்பை கறுப்பாகவும் கருப்பை சாம்பல் நிறமாகவும் தெரிந்ததாம், கருப்பையின் சுவரில் தேசிக்காய் அளவில் ஓர் உருண்டையாம். நார்க்கட்டி. இவை அநேகமாகப் புற்றுநோயல்ல. மாதவிடாய் நின்றபின் சுருங்குவதும் உண்டு. படம் எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்றும், உட்சுவர் தடித்திருந்தால் சிறு துண்டெடுத்துச் சோதிக்க வேண்டும் என்றும், மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு மீண்டும் இரத்தம் கண்டால் ஒருநாளும் தாமதிக்கக்கூடாது என்றும் டொக்டர் சொன்னாவாம். அன்றிரவு ராத்தா வயிறாறச் சாப்பிட்டா.

பிறகு நான் தேடி வாசித்தேன். 1955 இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த இயன் டொனால்ட் என்ற மகப்பேற்று வைத்தியர், வெட்டியெடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குப் போயிருக்கிறார். உலோகத்தில் வெடிப்புத் தேடும் கருவியால் அவற்றைச் சோதித்திருக்கிறார். இரைப்பைப் புற்றுநோய், இனி ஒன்றும் செய்ய ஏலாது என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் வயிற்றில் இருந்தது சூலகத்தின் நீர்க்கட்டிதான் என்று பின்னர் அவருடைய கருவி காட்டியது. சத்திரசிகிச்சை செய்தார்கள்; அவள் பிழைத்தாள். 1958 இல் 'லான்செட்' சஞ்சிகையில் அவரும் தோழர்களும் இந்த ஆய்வை வெளியிட்டார்கள்.

இதை ராத்தாவுக்குச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டா:

"அப்ப உம்மாக்கும் இப்பிடி ஏதும்தான் இருந்திச்சோ தம்பி?"

1958 க்கும் 1991 க்கும் இடையே 33 வருடங்கள். என்னிடம் பதில் இருக்கவில்லை.

இந்தத் தவணையில் நான்காவது உதாரணத்தையும் எழுதினேன்: 'கருப்பையிலுள்ள கட்டிகளைக் கண்டறிய'. பின்வாங்கில் இருந்த பொடியன்கள் சிரித்தார்கள். நான் அழிக்கவில்லை. மணியடித்து எல்லோரும் போனபின் ஒரு பிள்ளை மட்டும் கதவடியில் நின்றாள்.

"சேர், அந்த ஸ்கேன் எடுக்கக்குள்ள நோகுமா? உம்மாக்குத்தான் கேக்கிறன்."

"நோகாது மகள். தண்ணிதான் நிறையக் குடிக்கணும்" என்றேன்.