போடு என்பதும் கழற்று என்பதும்

பெண் என்ன உடுக்க வேண்டும் என்பதில் உலகில் எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. மன்னர், மந்திரி, பொலிஸ்காரர், பக்கத்து வீட்டார் என்று பட்டியல் நீளும். உடுக்கப் போகிறவளின் அபிப்பிராயத்தைக் கேட்கத்தான் ஆளில்லை.

ஈரானைப் பாருங்கள். 1936 ஜனவரியில் ரெஸா ஷா மன்னர், நாட்டை நவீனமாக்குவதாகச் சொல்லிப் பெண்கள் பர்தா அணிவதைத் தடை செய்தார். பொலிஸார் தெருவில் வைத்தே பெண்களின் போர்வையைப் பிடித்திழுத்தார்கள். மானத்துக்கு அஞ்சிய பெண்கள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார்கள். 1941இல் மன்னர் முடிதுறந்த பிறகே அந்தக் கெடுபிடி தளர்ந்தது.

1979இல் புரட்சி வந்தது. முக்காடு கட்டாயமாகப் போகிறது என்றறிந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் அவ்வாண்டு மார்ச் 8ஆம் திகதி தெஹ்ரான் வீதியில் இறங்கினார்கள். பலனில்லை. 1983இல், தலையை மூடாமல் வெளியே வருபவளுக்கு 74 கசையடி வரை கொடுக்கலாம் என்று சட்டமே வந்தது. உம்மம்மா தலையை மூடியதற்காகத் துன்பப்பட்டாள். பேத்தி மூடாததற்காகத் துன்பப்பட்டாள். சட்டம்தான் தலைகீழானது, பெண்ணின் நிலை மாறவில்லை.

2022 செப்டெம்பரில் 22 வயது மஹ்ஸா அமீனி, உடை சரியில்லை என்று தெஹ்ரானில் பொலிஸாரால் பிடிக்கப்பட்டு, மூன்றாம் நாள் மரணமானார். நோயினால் இறந்தார் என்றது அரசாங்கம். ஐக்கிய நாடுகள் மனித உரிமைப் பேரவை அமைத்த விசாரணைக் குழுவோ, அவர் மீது நடந்த வன்முறையே மரணத்துக்கு வழிவகுத்தது என்று 2024 மார்ச்சில் அறிக்கை தந்தது.

இதெல்லாம் முஸ்லிம்களுக்கு எதிரான மேற்கின் பேச்சு என்று நம்மில் சிலர் ஒதுக்கி விடுகிறார்கள். முகத்திரை அணிந்ததற்காக இரண்டு பெண்களுக்குத் தண்டப்பணம் விதித்த பிரான்ஸ், அவர்களின் மத சுதந்திரத்தை மீறியது என்று 2018இல் சொன்னதும் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுதான். நமக்குச் சாதகமான தீர்ப்பை மட்டும் நியாயம் என்பது நீதியாகுமா?

நிர்ப்பந்தம் எப்படியிருக்கும் என்பதை நாமும் கண்டோம். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின் நம் நாட்டில் அவசரகாலச் சட்டத்தின் கீழ் முகம் மூடுவது தடை செய்யப்பட்டது. என் ராத்தா இருபது வருடமாக நிகாப் அணிபவர். ஓகஸ்ட் மாதம் அச்சட்டம் முடியும் வரை அவர் வாசற்படி தாண்டவில்லை. அவருடைய பிரஷர் மருந்தை நான்தான் கிளினிக்கில் வாங்கிக் கொடுத்தேன். “முகத்தைக் காட்டுவதல்ல தங்கச்சி, காட்டு என்று அதட்டுவதுதான் பொறுக்கவில்லை” என்றார்.

நானோ உம்மாவைப் போலச் சாரி முந்தானையால் முக்காடிடுபவள். ராத்தாவிடம் ‘இதைக் கழற்று’ என்பவர்கள் உண்டு. என்னிடம் ‘இது போதாது’ என்பவர்களும் உண்டு. ராத்தா மட்டும் என் முக்காட்டைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் அவரது நிகாபைப் பற்றியும் சொன்னதில்லை.

சகோதரிகளே, நம் பெண் பிள்ளைகளுக்கு வெட்கத்தையும் கண்ணியத்தையும் சொல்லிக் கொடுப்போம். அது தாயின் கடமை. ஆனால், சொல்லிக் கொடுப்பது வேறு, அதட்டிப் போர்த்துவது வேறு. பிரான்ஸில் முக்காட்டைக் கழற்றச் சொன்னால் கொதிக்கும் நாம், ஈரானில் அதைப் போடச் சொல்லி அடிக்கும்போது மௌனமாக இருந்தால், நம் பேச்சை யார் மதிப்பார்கள்?